லெஸ்லிக்குப் போன குரல்

அழித்துவிட்டேன், ஆனால் என்னிடமிருந்து மட்டும். எல்லாருக்கும் அழி என்று ஒரு வரி, எனக்கு மட்டும் அழி என்று ஒரு வரி, இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே நிறத்தில் நிற்கின்றன, பதறுகிற கட்டைவிரலுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? கீழே உள்ளதை அமுக்கிவிட்டேன். என் போனில் இப்போது அந்த இடம் காலி. காலையில் லெஸ்லி அனுப்பிய பழைய டேப் இருக்கிறது, அதன் கீழே வெள்ளையாக ஒன்றுமில்லை, நான் வாயே திறக்காத மாதிரி, நான் நல்லவன் மாதிரி. ஆனால் பெரம்பூரில் அவன் வீட்டில் அவன் போனில் அது இருக்கிறது. என் குரல் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அவன் கேட்டுவிட்டானா என்று காட்டுகிற நீலக் குறியும் என் பக்கத்தில் சேர்ந்தே போய்விட்டது. கேட்டிருந்தால்கூட எனக்குத் தெரியாது. இப்போது கேட்டுக்கொண்டிருக்கலாம், நான் இப்படிச் சோபாவில் கால் நீட்டியிருக்கிற இதே நேரத்தில். காலை மடக்கிக்கொண்டேன். ஏன் மடக்கினேன் என்று தெரியவில்லை. என் மனைவி வசந்தி உள்ளேயிருந்து, "காபி போடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. என் குரல் லெஸ்லி வீட்டுக்குப் போயிருக்கிறது, இங்கே எப்படி இருக்கும்?

நண்பன் பக்தவத்சலத்துக்கு அனுப்ப வேண்டிய குரல் மெசேஜ் அது. எப்போதும் அவனுக்குத்தான் அனுப்புவேன். டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாட்களில் டிவியின் சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டு ஒரு ஜாஸ் ரெக்கார்டை ஓடவிடுவது என் வழக்கம், ஓய்வு பெற்றதிலிருந்து இப்படித்தான். வர்ணனைக்காரர்கள் பேசிப் பேசி ஆட்டத்தைக் கொன்றுவிட்டார்கள், ஒரு நல்ல டபுள் பாஸின் கனத்த தந்திச் சத்தம் இருந்தால் போதும், ஸ்பின்னர் நாலடி ஓடி வந்து கையைச் சுழற்றுவது அதோடு தானாகப் பொருந்திவிடும். இதை நான் பக்தாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்படிப் பார்த்துக்கொண்டே போனில் விரலை வைத்துப் பேசி அனுப்புவேன். டென்னிஸில் இப்போது எல்லாரும் ஒரே மாதிரி ஆடுகிறார்கள், சாயம் போன சட்டை மாதிரி. கபடியில் விளக்கைக் கூட்டி வியர்வையை எடுத்துவிட்டார்கள். ஒரே மைக்கைச் சுற்றி ஏழு பேர் நின்று வாசித்த காலத்து ரெக்கார்டில்தான் யார் யாருக்கு எவ்வளவு இடம் விட்டார்கள் என்று கேட்கும். அந்த இரைச்சலைச் சுத்தம் பண்ணி விற்கிறவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும். பக்தாவும் சிரிப்பு முகம் ஒன்று அனுப்புவான். அவன் இதையெல்லாம் கேட்கிறானா என்றே எனக்குச் சந்தேகம். ஆனால் ஒருவன் இருக்கிறான், நான் சொல்கிறேன், அது போதும். ஒரு பெரிய பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டுகூடப் பேசுவேன், யார் பார்க்கிறார்கள்? இன்றைக்கு லெஸ்லி அனுப்பிய டேப்பைக் கேட்டு முடித்த கையோடு பேசினேன். லெஸ்லியின் பக்கம்தான் திறந்திருந்தது. அதிலேயே விரலை வைத்துவிட்டேன். முதல் வார்த்தை, "பக்தா". அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் ஏதாவது சமாளித்திருக்கலாம். லெஸ்லி, உன்னைச் சீண்டத்தான் அப்படிச் சொன்னேன், நம்ம பழைய கிண்டல்தானே என்று. பக்தா என்று ஆரம்பித்து லெஸ்லியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். முகத்துக்கு நேரே சொன்னதல்ல, முதுகுக்குப் பின்னால் சொன்னது, அது அப்படியே போய் முகத்துக்கு நேரே நிற்கிறது.

என்ன சொன்னேன்? ஒவ்வொரு வரியாக ஞாபகப்படுத்தப் பார்க்கிறேன். பயத்தில் நல்ல வரிகள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. டிரம்ஸ் பரவாயில்லை என்றேன். அது நல்ல வரி. லெஸ்லி டிரம்ஸ் வாசிக்கவில்லையே. அவன் வாசித்தது சாக்ஸபோன். சாக்ஸபோனைப் பற்றி 29சி என்று ஏதோ சொன்னேன். ஆமாம், 29சி பஸ் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. அப்போது எனக்கே அது பிடித்துப்போய்ச் சிரித்தேன், அந்தச் சிரிப்பும் போயிருக்கும். அப்புறம் கை தட்டியதெல்லாம் ரம்முக்காக என்றேன். அப்புறம். அப்புறம் ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம் மனசு சடக்கென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது, டிவிக்கு, இடதுகைக்காரன் மட்டையைத் தட்டுவதற்கு, அவன் கையுறைக்கு, ஜன்னல் பக்கம் காயும் துண்டுக்கு. ஒரு நல்ல விஷயமும் சொன்னேனே. ரெண்டாவது பாட்டின் நடுவில் கொஞ்ச நேரம் சாக்ஸபோன் அப்படியே மாறிவிடுகிறது, தாளத்துக்கு ஒரு இழை பின்னால் நின்று, அவசரமே இல்லாமல், மழை விட்ட பிறகு ஒருவன் வேஷ்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிற மாதிரி. எத்தனையோ பெரிய ஆட்களின் ரெக்கார்டுகளைக் கேட்டவன் நான், அந்த இடத்தில் எனக்கு ரோமம் சிலிர்த்தது. அதைச் சொன்னேன். அதை நிச்சயமாகச் சொன்னேன். லெஸ்லி அதைக் கேட்பான், கேட்டால் மற்றதை மன்னித்துவிடுவான், வாசிக்கிறவனுக்கு அது போதும், அந்த ஒரு இடத்தைப் பிடித்தவன் கஜா ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொள்வான். இப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்ததுமே அந்த இன்னொரு வரி நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. "இப்ப வாய் கோணிப்போச்சு, வாசிக்க முடியலேன்னு அழறான் பாவம், வாய் நேரா இருந்த காலத்துலயும் இப்படித்தான் வாசிச்சிருக்கான்."

அதை நான்தான் சொன்னேன். ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் போய்ப் பார்த்தவனும் நான்தான். கஞ்சியை வாயின் இடது பக்கமாக ஊட்ட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்து ஊட்டியவன் நான்தான். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அவனும் நானும் ஒரே செக்ஷன், பகலில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை, சாயங்காலம் ஆனால் அவன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு மவுண்ட் ரோடு ஹோட்டலுக்குப் போய்விடுவான் வாசிக்க. எனக்கு ஜாஸ் என்றால் என்ன என்று தெரியாது. அவன்தான் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் டிபன் டப்பா மூடியில் தட்டிக் காட்டினான், இங்க தட்டணும்னு எல்லாரும் நினைக்கிறப்ப இங்க தட்டு மேன், அவ்வளவுதான் என்றான். அந்த அவ்வளவுதான் என் வாழ்க்கையில் பாதி. அதை வைத்துக்கொண்டுதான் ரெக்கார்டு வாங்கினேன், புத்தகம் வாங்கினேன், பெயர்களைக் கற்றேன், அவனுக்கே தெரியாத பெயர்களை அவனுக்குச் சொன்னேன். ஒரு கட்டத்தில் அவன் வாசிப்பதையும் எடைபோட ஆரம்பித்தேன், உள்ளுக்குள். வெளியே கை தட்டினேன். இது எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. நான் ஒரு குழலை வாயில் வைத்து ஒரு சத்தம் எழுப்பியதில்லை, ஊதல்கூடச் சரியாக வராது எனக்கு. இந்த டேப், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கிறிஸ்துமஸ் டான்ஸில் யாரோ கேசட்டில் பிடித்தது. அன்றைக்கு நான் மாமனார் ஊரில் இருந்தேன், கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் அவன் மகள் ஷெரில் எங்கேயோ தேடிப் பிடித்து போனுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறாள். அவன் எல்லாருக்கும் அனுப்பவில்லை. நாலு பேருக்கு அனுப்பியிருப்பான். எனக்கு அனுப்பும்போது இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, "கஜா சொல்லு" என்று எழுதியிருந்தான்.

போன் பண்ணினேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது அவன் மனைவி மௌரீன். "கஜா! இப்பத்தான் நினைச்சோம். குளிப்பாட்டிட்டு இருக்கேன் மேன், அப்புறம் பேசறேன், சரியா?" பின்னால் தண்ணீர்ச் சத்தம். அவள் குரலில் ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் இப்படிப் பேசுவாளா? பேசலாம், நல்ல பெண்மணி. "மௌரீன், அந்த..." என்றேன். அதற்குள் வைத்துவிட்டாள். என்ன சொல்ல இருந்தேன்? என் மெசேஜ் ஒன்று வந்திருக்கும், கேட்காமல் அழித்துவிடுங்கள் என்றா? அப்படிச் சொன்னால் யார்தான் கேட்காமல் அழிப்பார்கள்? சட்டையை மாட்டிக்கொண்டேன். வசந்தி கேட்டாள், மேட்சைப் பாதியில் விட்டுட்டு எங்கே என்று. லெஸ்லியைப் பார்க்க என்றேன். "பாவம், போயிட்டு வாங்க" என்றாள். அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது, நோயாளி நண்பனை வெயிலில் பார்க்கப் போகிற புருஷன் மேல் வரும் மரியாதை. அதையும் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு இறங்கினேன். கொளத்தூரிலிருந்து ஆட்டோ பேப்பர் மில்ஸ் ரோட்டில் நின்று நின்றுதான் போனது. ஆட்டோக்காரர் போனில் ஸ்கோர் கேட்டுக்கொண்டே, "இந்த லெஃப்டியைத் தூக்கணும் சார், என்ன சொல்றீங்க?" என்றார். எப்போதும் என்றால் வாசல் வரைக்கும் பேசியிருப்பேன், அவன் முன்கால் எங்கே போகிறது, தலை எங்கே போகிறது என்று. வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். தூக்கணும் என்கிறேனா, வேண்டாம் என்கிறேனா என்று அவருக்கும் புரியவில்லை. மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது: குளித்து முடித்துத் துவட்டி, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, அதற்கப்புறம்தான் போன். முதலில் நான் போய்விட்டால் போனைக் கையில் வாங்கலாம். என்னமோ மெமரி ஃபுல்லாகியிருக்கும், பார்க்கிறேன் என்று வாங்கி ஒரே அமுக்கு. இந்தத் தடவை எந்த வரியை அமுக்கினாலும் சரிதான். திருடப் போகிறவன் மாதிரி ஆட்டோவின் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். தப்பித்துவிடலாம் என்ற சந்தோஷம். அவன் மனசு நோகாது என்பதற்காக இல்லை, நான் பிடிபடமாட்டேன் என்பதற்காக.

கதவைத் திறந்ததே பவுடர் வாசனைதான். லெஸ்லி ஜன்னலோர நாற்காலியில், வெள்ளைப் பனியன், ஈரத் தலை படிய வாரியிருந்தது, எதிரே டிவியில் அதே மேட்ச். என்னைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. மற்றப் பாதி வேறு யாருடையதோ மாதிரி சும்மா இருந்தது. இடது கையைத் தூக்கி, "க...ஜா" என்றான். போன் அவன் மடியில் இருந்தது. "பாருங்க, நேர்லயே வந்துட்டாரு," என்று மௌரீன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உங்க மெசேஜ் வந்திருக்கு கஜா, நாங்க இன்னும் கேக்கல. நான் போடறேன்னேன், வேணாம், குளிச்சிட்டு நல்லா உக்காந்து கேக்கணும்னு சொல்லிட்டார். பக்தா, மத்தவங்க எல்லாம் சூப்பர், சூப்பர்னு போட்டாங்க. இவருக்கு அது பத்தாது. கஜா என்ன சொல்றான், கஜா என்ன சொல்றான், காலையில இருந்து இதான்." நான் உட்காராமல் நின்றேன். "அதான் நேர்லயே வந்துட்டேனே, இனிமே அது எதுக்கு? அது சரியாக்கூட பதிவாகல," என்றேன். "குடு லெஸ்லி, அதைத் தூக்கிடறேன், நேர்ல சொல்றேன்." கையை நீட்டினேன். என் கை அவன் மடி வரைக்கும் போய்விட்டது. போனின் ஓரம் விரலில் பட்டுக்கூட விட்டது. அவன் இடது கை அதன் மேல் வந்து மூடியது. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அந்தக் கையில்தான் எல்லா பலமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், நல்லதைச் சொன்னவன் இப்படிக் கை நீட்டமாட்டான். தெரிந்தும் கட்டைவிரலால் அமுக்கினான்.

"பக்தா," என்றது போன். மௌரீன் என்னைப் பார்த்தாள். "லெஸ்லி டேப் கேட்டியா? கேக்காதே." என் வாழ்நாளில் எத்தனை பேரின் பழைய பதிவுகளைக் கேட்டு இது நிஜம், இது வேஷம் என்று தரம் பிரித்திருக்கிறேன், ஒரே ஒரு தடவைகூட என்னை நான் கேட்டதில்லை. இவன்தானா நான்? மூக்கால் பேசுகிறான். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு சின்ன இழுப்பு இழுக்கிறான், பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று காட்டுவதற்காக. ஹாஸ்யம் வருவதற்கு முன்பே அவன் குரல் சிரிக்கத் தயாராகிவிடுகிறது. 29சி வந்தது. சிரித்தான். தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து, தான் சொன்னதற்குத் தானே சிரிக்கிற கிழவனின் சிரிப்பு, நீளமாக, அவசரமே இல்லாமல். பின்னால் எங்கள் வீட்டு குக்கர் விசில் அடித்தது. வசந்தி யாரையோ கூப்பிட்டாள். அந்த ஓசைகளெல்லாம் எவ்வளவு நல்லவையாக இருந்தன, இவன் குரல் மட்டும் அதற்கு நடுவில். ரம் வந்தது. மௌரீன் கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தாள், நான்காக, எட்டாக, இன்னும் மடிக்க முடியாத அளவுக்கு. அடுத்து என்ன வரப்போகிறது என்று மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். நிறுத்து என்று சொல்லியிருக்கலாம், இருமியிருக்கலாம், போனைப் பிடுங்கியிருக்கலாம், மயக்கம் போட்ட மாதிரி விழுந்திருக்கலாம். டிவியைப் பார்த்தேன். வாய் கோணிப்போச்சு என்றது குரல். வாய் நேரா இருந்த காலத்துலயும் என்றது. லெஸ்லியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தேன். அவன் குனிந்து, தன் இடது கைவிரலால் வாயின் வலது ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். துடைத்துக்கொள்வது மாதிரி. அங்கே துடைக்க ஒன்றுமில்லை.

கடைசியில் அந்த ரெண்டாவது பாட்டையும் புகழ்ந்துவிட்டு மெசேஜ் முடிந்தது. மௌரீன் சமையலறைக்குப் போய் எதையோ கழுவ ஆரம்பித்தாள், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு. நான் பேசினேன். பேசாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை, அதுதான் என் வியாதி. "லெஸ்லி, நான் ஒரு மடையன். விடு. ஆனா நான் அதுலயே சொல்லியிருக்கேன் பார், ரெண்டாவது பாட்டு, நடுவுல, அந்த இடம். கேட்டியா? சத்தியமா சொல்றேன், அது மாதிரி நான் கேட்டதில்லை மேன். மத்ததெல்லாம் சும்மா வாய்க்கொழுப்பு. அந்த ஒரு இடத்துக்காக நான் அந்த டேப்பை ஆயுசுக்கும் வெச்சுக்குவேன். அது உன்னை மாதிரி ஒருத்தனாலதான்..." குழாய்ச் சத்தம் நின்றது. மௌரீன் கதவோரம் வந்து நின்றாள். அவள் முகத்தில் இதுவரை கோபம்தான் இருந்தது, இப்போது அது போய் வேறு ஒன்று வந்திருந்தது, என்மேல் இரக்கம் மாதிரி ஒன்று. "கஜா, போதும்," என்றாள். "இல்ல மௌரீன், நான் நிஜமாத்தான் சொல்றேன், அந்த இடத்தில..." என்றேன். லெஸ்லி கையைத் தூக்கினான். வார்த்தை அவனுக்குள் எங்கோ கிடந்தது, அதைத் தேடி எடுத்து நாக்கு வரை கொண்டுவர நேரம் ஆனது, நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். "அது," என்றான். "ஸ்டான்லி."

புரியவில்லை எனக்கு. மௌரீன்தான் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு ரெண்டாவது பாட்டு நடுவுல இவருக்கு வாயில வெக்கற ரீடு பிளந்துடுச்சு. மாத்திக்க உள்ள போனார். என் கஸின் ஸ்டான்லி கீழே டான்ஸ் ஆடிட்டு இருந்தான், இவரோட இன்னொரு சாக்ஸபோனை எடுத்துக்கிட்டு மேலே ஏறிட்டான். இவர் திரும்பி வர்ற வரைக்கும் அவன்தான்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, இது என்னை நோகடிக்கச் சொன்னதல்ல என்று காட்டுவதற்கோ என்னமோ, "டீ போடறேன்," என்று உள்ளே போனாள். நான் அப்போதுதான் லெஸ்லிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். லெஸ்லி எனக்குக் கேட்கக் கொடுத்ததில் அவனுடையது அல்லாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து அதை மட்டும் அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் இரண்டு தடவை, ஒன்று முதுகுக்குப் பின்னால், ஒன்று முகத்துக்கு நேரே, சத்தியம் வைத்து. காது கூர்மை என்று இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று கடைசியில் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை. தப்பாகக் கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. எழுந்தால் அவன் முன்னால் நிற்க வேண்டும், நின்றால் ஏதாவது சொல்ல வேண்டும். வாசல் கதவு வெகு தூரத்தில் இருந்தது. டீ வந்தது. மௌரீன் எனக்குச் சர்க்கரை இல்லாமல் கொண்டுவந்திருந்தாள், எனக்குச் சர்க்கரை வியாதி என்பது இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஞாபகம் இருந்தது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது? பந்து இடதுகைக்காரனின் காலில் பட்டது. பதினொரு பேரும் கத்தினார்கள். அம்பயர் அவுட் இல்லை என்று தலையை ஆட்ட, அவர்கள் மேல் அப்பீலுக்குப் போனார்கள், திரையில் அந்தப் பந்தையே மறுபடி மறுபடி காட்டினார்கள், மெதுவாக, இன்னும் மெதுவாக.

லெஸ்லி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவுட்?" என்றான். மௌரீனைக் கேட்கிறான் என்று நினைத்தேன். அவள் சமையலறையில் இருந்தாள். "தெரியல லெஸ்லி," என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து எவ்வளவு காலம் இருக்கும்! வந்ததும் அதுவும் ஒரு வேஷம் மாதிரியே இருந்தது, அடக்கமானவன் வேஷம், இப்போது புதிதாகத் தைத்துப் போட்டுக்கொண்டது. அவனுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். இடது கை வந்து என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தது. டீ தளும்பி என் வேஷ்டியில் கொட்டியது. "சொல்லு," என்றான், கோபமாக, இந்த வார்த்தை மட்டும் அவனுக்குத் தடங்கலே இல்லாமல் வந்தது. ஈரம் சுட்டது. துடைக்கவில்லை. பந்து விழுந்த இடத்தைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், நிஜமாகவே பார்த்தேன், என்ன தோன்றுகிறதோ அதை. "லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே பிட்ச் ஆகுது," என்றேன், எனக்கே கேட்காத குரலில். "அவுட் இல்ல." லெஸ்லி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதி உதட்டைப் பிதுக்கி, நான் சொன்னது சரியில்லை என்று தலையை ஆட்டினான்.